நான்கு மாதக் காவலர்

வேனிற்காலம் பிறந்துவிட்டால் இமயமலைச் சாரலில் காடு பற்றி எரிகிறது என்ற செய்தி வருவது வருஷந்தோறும் வழக்கமாகிவிட்டது. எத்தனை ஏக்கர் எரிந்தது, எத்தனை ஹெலிகாப்டர்கள் பறந்தன, எந்த மந்திரி நேரில் போய்ப் பார்வையிட்டார் என்பவற்றை நாமும் அச்சிடுகிறோம், நேயர்களும் படிக்கிறார்கள். பிறகு மழை பெய்கிறது, தீ அவிகிறது, அதோடு செய்தியும் அவிந்துபோகிறது. அந்தத் தீயின் முன் நின்றவர் யார், அவருக்குக் கிடைத்த கூலி என்ன, மழை பெய்த மறுநாள் அவர் எங்கே போனார் என்று கேட்பார் இல்லை. இந்தக் குற்றத்தில் நமது பத்திரிகைக்கும் பங்கு உண்டென்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம்.

2024-ம் வருஷம் ஜூன் மாதம் 13-ந் தேதி, குமாவோன் மலைநாட்டில் அல்மோரா ஜில்லாவைச் சேர்ந்த பின்ஸர் சரணாலயக் காட்டில் தீ மூண்டிருப்பதாகத் தகவல் கிடைத்து, எட்டுப் பேர் வண்டியேறிப் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்து வேலையைத் தொடங்குவதற்குள் பலத்த காற்றினால் தீ சட்டென்று பெருகி அவர்களைச் சூழ்ந்துகொண்டது. நால்வர் அங்கேயே மாண்டனர். மற்ற நால்வர் கடுமையான தீப்புண்களுடன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லப்பட்டனர்.

மாண்ட நால்வர் யார்? ஒருவர் வன இலாகாவின் பீட் காவலர். ஒருவர் தீக்காவலர் என்ற பெயரில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர். ஒருவர் பிராந்திய ரக்ஷக தளம் என்னும் ஊர்ச் சேவைப் படையைச் சேர்ந்தவர். ஒருவர் தினக்கூலி. உத்தராகண்ட ராஜ்யத்தில் தீப்பருவம் என்பது பிப்ரவரி 15-ந் தேதி தொடங்கி ஜூன் 15-ந் தேதி முடிவதாக வகுக்கப்பட்டிருக்கிறது. பருவக் கூலிக்காக வருகிறவன் கணக்கைத் தீர்த்துக்கொண்டு வீடு திரும்புவதற்கு இன்னும் இரண்டே நாட்கள் பாக்கி இருந்தன.

இறந்தவர் குடும்பங்களுக்குச் சர்க்கார் தலா 10 லட்சம் ரூபாய் உதவித்தொகை அறிவித்தார்கள். உயர் அதிகாரிகள் சிலர்மீது நடவடிக்கையும் எடுத்தார்கள். இவற்றை நாம் குறைகூற முன்வரவில்லை. ஆனால் மரணத்துக்குப் பின் காட்டும் தாராளம், மரணத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய கடமைக்கு ஈடாகுமா என்பதே கேள்வி.

பருவ வேலை என்பது என்ன?

பட்டணத்தில் தீப்பிடித்தால் மணியடித்துக்கொண்டு வண்டி வருகிறது; குழாயில் தண்ணீர் வருகிறது; பயிற்சி பெற்று, மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உடைய வீரர்கள் வருகிறார்கள். மலைக்காட்டில் இவற்றுள் எதுவும் கிடையாது. தீ மூண்ட இடத்துக்குப் பாதை இராது. தண்ணீர் இராது, இருந்தாலும் மேலே கொண்டுபோக வழியிராது. ஆகவே காட்டுத் தீயைத் தண்ணீரால் அணைப்பது அபூர்வம். அதற்குத் தின்னக் கொடுக்காமல் பட்டினி போட்டுத்தான் அடக்க வேண்டும்.

இதைச் செய்கிறவர்களே பருவக் காவலர்கள். பருவம் தொடங்குவதற்கு முன்னும் தொடங்கிய பின்னும், பல அடி அகலத்துக்கு நெடுகச் சருகையும் புல்லையும் வழித்துத் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். சில இடங்களில் குளிர்காலத்திலேயே, அடங்கிய தீயை வேண்டுமென்றே வைத்து, பின்னால் பெருந்தீக்கு இரையாகக்கூடியதை எரித்துக் கழிக்கிறார்கள். பருவம் வந்ததும் மேட்டு முனைகளிலிருந்து புகையைக் கவனிக்கிறார்கள். புகை கண்டால் மலையேறிப் போகிறார்கள். கையிலுள்ள ஆயுதங்கள் இரும்பு வாரி, அரிவாள், கோடரி, பச்சைக் கிளைகளை ஒடித்துக் கட்டிய விளக்குமாறு. இப்பொழுது சில இடங்களில் சருகை ஊதித் தள்ளும் யந்திரமும் கொடுக்கப்படுகிறது. தீயின் முனைக்கு எதிரே சென்று நிற்க முடியாதபோது, அதற்கு முன்னால் ஒரு கோட்டை வழித்து, அங்கிருந்து எதிர்த்தீ வைக்கிறார்கள். இரண்டு தீயும் நடுவில் சந்தித்து, தின்ன ஒன்றும் இல்லாமல் அவிகின்றன. காற்று ஒரு விநாடி திரும்பினால், வைத்த எதிர்த்தீயே வைத்தவனைத் தின்றுவிடும்.

குமாவோன் காடுகளில் பெரும்பாகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது சீர் என்னும் ஊசியிலைப் பைன் மரம். அதன் உதிர்ந்த ஊசிகளை அவ்வூரார் பிருல் என்கிறார்கள். வேனிலில் இது தரைமேல் மெத்தைபோல் மூடிக்கொள்ளும். நடந்தால் கால் வழுக்கும். உள்ளே பிசின் இருப்பதால் ஒரு பீடித் துண்டு போதும். பைன் காய் தீப்பிடித்தால் சரிவில் உருண்டு, தீத்தடுப்புக் கோட்டையும் தாண்டிக் கீழே போய்ப் புதிதாகப் பற்றவைக்கும். மேலே நின்று போராடுகிறவர்கள் அப்பொழுது இரண்டு தீக்களுக்கு இடையே அகப்படுகிறார்கள். தீக்கு மேட்டில் ஏறும் வேகம் சமதரையில் ஓடும் வேகத்தைவிட மிக அதிகம். ஏனெனில் கீழிருந்து எழும் அனல் மேலே உள்ள சருகை முன்கூட்டியே உலர்த்திக் காய்ச்சிவைக்கிறது. பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசுகிறது. மனிதனோ மேட்டில் ஏற ஏறக் களைக்கிறான். எனவே அநுபவம் உள்ளவர்கள் மாலை மயங்கியபின், காற்று அடங்கி ஈரம் இறங்கும் வேளையில்தான் தீயை நெருங்குகிறார்கள். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் காவல். அணைந்ததுபோல் தோன்றும் கட்டையின் அடியில் கங்கு இருக்கும். அதைக் கிளறிப் புதைத்துவிட்டு வராவிட்டால் மறுநாள் நண்பகல் காற்றில் மீண்டும் மூளும்.

ஹெலிகாப்டர் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2016-ம் வருஷம் உத்தராகண்டத்தில் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோதும், 2024 ஏப்ரலில் நைனிதாலை நெருங்கித் தீ வந்தபோதும், விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் ஏரி நீரை மொண்டு கொண்டுபோய்க் கொட்டின. அது வேண்டிய உதவியே. ஆனால் மேலிருந்து கொட்டும் நீர் ஜ்வாலையின் உக்கிரத்தைத் தணிக்குமே ஒழிய, கங்கைத் தேடிப் புதைக்காது. அதேபோல், டேராடூனில் உள்ள இந்திய வன அளவை ஸ்தாபனம் 2004-ம் வருஷம் முதல் செயற்கைக்கோள் மூலம் தீ இருக்கும் இடத்தைக் கண்டு அறிவிக்கிறது. இப்பொழுது அந்த அறிவிப்பு கைத்தொலைபேசியிலேயே வந்துவிடுகிறது. இதுவும் பெரும் நன்மை. எனினும் ஆகாயத்திலிருந்து தீயைப் பார்க்கலாம். அணைப்பதற்குக் கால்நடையாகத்தான் போக வேண்டும். நாட்டிலுள்ள வனப் பரப்பில் நூற்றுக்கு 36 பங்குக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கக் கூடியது என்று அதே ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவ்வளவு பரப்புக்கும் கடைசிக் காப்பு, கையில் கிளைக்கட்டு பிடித்த அந்தக் கூலியாள்தான்.

1921-ல் நடந்தது

மலையில் தீ தானாக மூள்வது அபூர்வம். மின்னல் விழுந்து எரிவது நம் நாட்டில் சிறுபான்மை. பெரும்பாலும் மனிதர் கையாலேயே, கவனக்குறைவாலோ கருதியோ, அது மூளுகிறது. இதைக் கேட்டவுடன் ஊராரைப் பழிப்பது சுலபம். பழிப்பதற்கு முன் சரித்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

குமாவோன் குடிகளுக்குக் காடு என்பது எருவும், மாட்டுக்குப் புல்லும், அடுப்புக்கு விறகும், குடிக்க ஊற்றும் தந்த தாய்வீடு. 1911 முதல் 1917-ம் வருஷம் வரை பிரிட்டிஷ் சர்க்கார் அங்கே 3,000 சதுர மைலுக்கு மேற்பட்ட நிலத்தைக் காவற்காடாக்கி, அந்த உரிமைகளை அளந்து சுருக்கினார்கள். பைன் மரத்தின் பிசினும் கட்டையும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. பசும்புல் முளைப்பதற்காகக் குடிகள் வழக்கமாய் வைத்த சிறு தீயும் குற்றமாயிற்று. இதோடு வந்து போகும் அதிகாரிகளின் மூட்டையைக் கூலியின்றிச் சுமக்கும் வெட்டி முறையும் சேர்ந்துகொண்டது.

1921 ஜனவரியில் பாகேசுவரத்தில், சரயு நதி சங்கமத்தில் கூடும் உத்தராயணச் சந்தையில், பத்ரி தத்த பாண்டே முதலிய தலைவர்கள் முன்னிலையில் ஜனங்கள் வெட்டிக்கூலிப் பதிவேடுகளை ஆற்றில் எறிந்தார்கள். அந்த வேனிலிலேயே காடுகள் எரிந்தன. குமாவோனில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் தீக்கிரையாயிற்று. இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. எரிந்தவை பெரும்பாலும் சர்க்காருக்குப் பிசினும் பணமும் தந்த பைன் காடுகள். ஊராருக்கு எருவும் நீரும் தந்த பாஞ்ச் என்னும் ஓக் காடுகள் பெரும்பாலும் தப்பின. அணைக்க வரும்படி அழைத்தபோது ஊரார் வரவில்லை.

தீ வைத்ததை நாம் புகழவில்லை, எந்நாளும் புகழமாட்டோம். ஆனால் அந்தத் தீ ஒரு பாடத்தைச் சொல்லிற்று. தம்முடையது என்று எதை நினைத்தார்களோ அதை ஜனங்கள் எரிக்கவில்லை, எரியவிடவும் இல்லை. சர்க்காரும் அந்தப் பாடத்தை ஓரளவு படித்தார்கள். குறை கேட்க ஒரு கமிட்டி அமைந்தது. வியாபாரத்துக்கு அவ்வளவாகப் பயன்படாத காடுகளில் கட்டுப்பாடு தளர்ந்தது. குமாவோனின் வனப் பிரச்னையைப் பற்றி, அக்காலத்தில் வக்கீலாக இருந்த கோவிந்த வல்லப பந்த் 1922-ல் ஒரு நூலே எழுதினார். 1931-ல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன. ஊராரே தேர்ந்தெடுத்த சபை ஊர்க்காட்டை ஆளும் அந்த ஏற்பாடு இன்றும் உத்தராகண்டத்தில் 11,000-க்கு மேற்பட்ட பஞ்சாயத்துகளாக நிலைத்திருக்கிறது. பெயரளவில் நிற்பவையும் அவற்றில் உண்டு. உயிரோடு இயங்குபவையும் உண்டு.

சட்டம் சொல்வது

நாம் சட்டம் படித்துத் தொழில் நடத்தியவராதலின், சட்டத்தின் வாசகத்தை நேயர்களுக்கு எடுத்துக்காட்டாமல் இருக்க முடியவில்லை. 1927-ம் வருஷத்து இந்திய வனச் சட்டம் அந்நிய ஆட்சி இயற்றியது. சுதந்திரம் வந்தபின்னும் உத்தராகண்டத்தில் அதுவே அடிப்படைச் சட்டம். அதன் 79-ம் பிரிவு, காவற்காட்டில் புல், விறகு முதலிய ஏதேனும் உரிமை உடைய ஒவ்வொருவரும், அதிகாரி கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், தமக்குத் தெரிந்த தீயை உடனே போய் அணைக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. நியாயமான காரணமின்றித் தவறினால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 26-ம் பிரிவோ, காவற்காட்டில் ஒருவன் வேண்டுமென்றோ பெருங்கவனக்குறைவாலோ தீ மூட்டினால், அந்தக் காட்டில் மேய்ச்சல் முதலிய எல்லா உரிமைகளையும் சர்க்கார் தமக்குச் சரியென்று தோன்றுங்காலம் வரை நிறுத்திவைக்கலாம் என்கிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஊர் முழுவதும் புல்லின்றி நிற்க வேண்டும்!

இவ்விரு பிரிவுகளையும் ஒன்றாய் வைத்துப் படியுங்கள். தீயணைக்கும் கடமை ஊராருடையது. தவறினால் தண்டனை ஊராருக்கு. எவனோ மூட்டினாலும் நஷ்டம் ஊராருக்கு. அணைக்கப் போனவன் கையை இழந்தால், உயிரை இழந்தால், அவனுக்கு என்ன உரிமை என்று கேட்டால் அந்தப் பிரிவுகள் வாய் திறப்பதில்லை. கடமையை எழுதியவர்கள் பொறுப்பை எழுத மறந்தார்கள். அந்நியர் எழுதிய சட்டத்தில் அது மறதி அன்று, கொள்கை. சுதந்திர இந்தியாவில் அதே மௌனம் நீடிப்பதற்கு என்ன பெயர் கொடுப்பது?

காவலர் பற்றாக்குறையும் இந்த மௌனத்தின் மற்றொரு முகமே. 2024 மே மாதத்தில் உத்தராகண்டத்துத் தீயைப் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தபோது, காடு எரியும் வேளையில் வன இலாகா ஊழியரைத் தேர்தல் வேலைக்கு அனுப்பியது ஏன் என்று நீதிபதிகள் கேட்டார்கள். நிரப்பப்படாமல் கிடக்கும் உத்தியோகங்களைப் பற்றியும் கேட்டார்கள். தேர்தல் எந்த மாதத்தில் வரும் என்பது முன்னரே தெரியும். தீ எந்த மாதத்தில் வரும் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் இல்லாமல் போனார். நிரந்தர ஊழியர் இல்லாத இடத்தை நிரப்புகிறவன் யார்? மறுபடியும் அந்த நான்கு மாதக் கூலியாளே.

இறந்தவரிடம் கற்றுக்கொண்ட தேசம்

அயல்நாடுகளில் எல்லாம் ஒழுங்காய் நடக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. அமெரிக்காவிலும் வேனிலில் காட்டுத் தீயோடு போராடுகிறவர்களில் பெரும் தொகையினர் பருவ ஊழியரே. அந்நாட்டு மத்திய சர்க்கார் நெடுங்காலம் அவர்களுக்குத் தீயணைப்போர் என்ற பெயரைக்கூடக் கொடாமல், வனத் தொழில்நுட்ப உதவியாளர் என்ற வகுப்பிலேயே வைத்திருந்தார்கள். ஆனால் ஒன்றை அவர்கள் செய்தார்கள். ஒவ்வொரு சாவையும் விசாரித்து எழுதிவைத்தார்கள்.

1949 ஆகஸ்டு 5-ந் தேதி மாண்டானா ராஜ்யத்தில் மான் கல்ச் என்னும் செங்குத்தான பள்ளத்தில், விமானத்திலிருந்து பாரச்சூட்டில் இறங்கிய இளைஞர்கள் தீயை அணைக்கப் போனார்கள். தீ பள்ளத்தைத் தாண்டி அவர்களுக்குக் கீழே மூண்டு, மேட்டில் அவர்களைத் துரத்திற்று. கூட்டத்தின் தலைவர் ஓடுவதை நிறுத்தி, முன்னால் இருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, எரிந்து கறுத்த அந்த இடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார். பெருந்தீ தின்ன ஒன்றும் இல்லாத அந்த இடத்தை விட்டு விலகிப் போயிற்று, அவர் பிழைத்தார். தம்மோடு வந்து படுக்கும்படி அவர் மற்றவர்களைக் கூப்பிட்டார். அப்படி ஒரு உபாயத்தை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. தலைவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே நினைத்திருக்கலாம். அவரைக் கடந்து ஓடினார்கள். 13 பேர் மாண்டனர்.

இத்தகைய விபத்துக்களை ஆராய்ந்து 1957-ல் தீயணைப்போருக்குரிய பத்துக் கட்டளைகள் வகுக்கப்பட்டன. காற்றின் போக்கை அறிந்துகொள். தப்பும் வழியை முன்னரே குறித்து எல்லோருக்கும் தெரிவி. காவலாள் ஒருவனைத் தீயைக் கவனிக்க நிறுத்து என்பவை போன்ற எளிய விதிகள். பிறகு ஆபத்துக் காலத்தில் மேலே போர்த்துப் படுக்கும் கூடாரப் போர்வையும் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஏறிற்று. இவ்வளவுக்குப் பின்னும் 1994-ல் கொலராடோவில் 14 பேரும், 2013-ல் அரிஸோனாவில் 19 பேரும் இறந்தார்கள். காட்டுத் தீ அவ்வளவு கொடியது. ஆயினும் பயிற்சியும் விதியும் காப்பாற்றிய உயிர்கள் பல. அவற்றின் கணக்கு எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

நம் மலைகள்

வடக்கே நடக்கும் விஷயம்தானே என்று தமிழ் நேயர்கள் இருந்துவிட முடியாது. 2018 மார்ச் 11-ந் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் மூண்ட தீயில் மலையேறச் சென்ற இளைஞரும் பெண்களுமாக 23 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அன்று முதலில் மேலே ஓடிக் கைகொடுத்தவர்களில் அடிவாரத்து ஊராரும் உண்டு. அதன்பின் அதே வருஷத்தில் மலையேறுவோருக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2020 பிப்ரவரி 16-ந் தேதி, மலைக்கு அப்பால் கேரளத்தின் திருச்சூர் ஜில்லாவில் கொற்றம்பத்தூர்க் காட்டில் தீயணைக்கச் சென்ற காவலர் மூவர் உயிரிழந்தனர். முதுமலையிலும் ஆனைமலையிலும் களக்காட்டிலும் வேனிலில் தீத்தடுப்புக் கோடு வழிக்கிறவர்களில் பலர், அந்த மலையையே பிறப்பிடமாக உடைய பழங்குடி மக்கள். காட்டின் ஒவ்வொரு ஓடையும் அவர்கள் அறிவார்கள். மலையேறிப் பொழுதுபோக்கச் செல்கிறவருக்கு விதி வேண்டுமானால், மலையைக் காக்கச் செல்கிறவருக்கு அதைவிட வலிய விதி வேண்டாமா?

செய்ய வேண்டியது

நல்ல வழி எதுவும் இல்லாமல் நாம் புலம்பவில்லை. நால்வர் மாண்ட அதே அல்மோரா ஜில்லாவில் சீத்லாகேத் என்ற ஊர்ப்பக்கம் இருக்கிறது. அங்கே காடு எரிந்தால் ஊற்று வற்றும். ஊற்று வற்றினால் குடமெடுத்து மைல் கணக்கில் நடக்க வேண்டியவர்கள் பெண்கள். ஆகவே அவ்வூர்ப் பெண்களும் இளைஞரும் கூடித் தம் காட்டைத் தாமே தீயிலிருந்து காக்கத் தொடங்கினார்கள். வயற்கட்டையும் புதரையும் கொளுத்தும் ஓண் என்ற வழக்கமே பல தீக்களுக்கு மூலம் என்று கண்டு, காற்று வலுக்கும் முன், மார்ச் மாத முடிவுக்குள் கொளுத்தி முடிப்பதென்று ஊர்கூடி உறுதி செய்தார்கள். ஏப்ரல் முதல் தேதியை ஓண் தினம் என்று கொண்டாடவும் ஆரம்பித்தார்கள். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. சிறையும் அபராதமும் இல்லை. சர்க்காரே இதைப் பிற ஊர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். 1921-ல் அணைக்க வர மறுத்த மலைநாடும் இதுதான். இன்று அழைக்காமலே அணைக்க ஓடுகிறதும் இதே மலைநாடுதான். இடையில் மாறியது தீயன்று. காடு யாருடையது என்ற எண்ணமே மாறிற்று.

2024 மே மாதத்தில், பைன் ஊசியைத் திரட்டித் தருவோருக்குக் கிலோவுக்கு 3 ரூபாயாக இருந்த விலையை 50 ரூபாயாக உயர்த்துவதாக உத்தராகண்ட சர்க்கார் அறிவித்தார்கள். நோக்கம் நல்லது. தீக்கு இரையாவதை ஏழையின் கூலியாக மாற்றுவது புத்தியுள்ள யோசனை. ஆனால் இத்தகைய அறிவிப்பு தீ எரிந்துகொண்டிருக்கும் மே மாதத்தில் பிறக்காமல், சருகு உதிரத் தொடங்கும் முன்னரே பிறந்து, பருவம் முழுவதும் தவறாமல் பணமாகக் கைக்கு வந்தால்தான் பயன்.

ஆகவே நாம் கோருவது மூன்றே விஷயங்கள். முதலாவது: பருவத்துக்கு அமர்த்தப்படும் ஒவ்வொரு தீக்காவலருக்கும், எந்த ராஜ்யமாயினும், வேலையில் சேரும் நாளிலேயே எழுத்து மூலமான நியமனமும், உயிருக்கும் உடலுக்கும் இன்ஷியூரன்ஸும், தீயைத் தாங்கும் உடுப்பும் பூட்ஸும், தப்பும் வழியைக் கற்பிக்கும் பயிற்சியும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். பயிற்சி பெறாதவரைத் தீயின் முன் நிறுத்துவது குற்றம் என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மழைக்காலத்தில் நாற்று நடவும், ஊற்றுகளைத் தோண்டவும், குளிர்காலத்தில் கோடு வழிக்கவும் காட்டில் வேலை குறைவில்லை. அநுபவசாலிகளை நான்கு மாதத்தில் அனுப்பிவிட்டு அடுத்த வருஷம் புதியவரைத் தேடுவது சிக்கனம் அன்று.

இரண்டாவது: 79-ம் பிரிவு ஊராருக்குக் கடமையை விதிப்பதுபோல், அந்தக் கடமையைச் செய்யும்போது நேரும் மரணத்துக்கும் ஊனத்துக்கும் சர்க்காரின் பொறுப்பையும் அதே பிரிவில் விதிக்கத் திருத்தம் வேண்டும். ஒருவன் குற்றத்துக்கு ஊரின் உரிமையை நிறுத்தும் 26-ம் பிரிவின் அதிகாரம் நீக்கப்பட வேண்டும். மூன்றாவது: வன பஞ்சாயத்துகளுக்கும் கிராம சபைகளுக்கும் தீத்தடுப்புப் பணத்தில் ஒரு பங்கை நேராகக் கொடுத்து, எரியாமல் காத்த ஊருக்கு அதன் பலனையும் தர வேண்டும்.

இதற்குப் பணம் எங்கே என்று சர்க்கார் கேட்கலாம். ஒவ்வொரு வேனிலும் ஹெலிகாப்டருக்குப் பணம் கிடைக்கிறது, உதவித்தொகைக்கும் கிடைக்கிறது. பிப்ரவரி 15-ந் தேதி மறுபடியும் வரும். அன்று காலையில் அல்மோராவிலோ ஆனைமலையிலோ, ஒருவர் கைவாரியை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு மலையேறத்தான் போகிறார். அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது, அவர் காலில் என்ன போட்டிருக்கிறார், அவர் திரும்பிவர எந்த வழி குறிக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தந்த ராஜ்ய மந்திரிகள் அந்தத் தேதிக்கு முன்பே சட்டசபையில் பதில் சொல்ல வேண்டும். அங்கத்தினர்கள் கேட்பார்களா?